மண்ணெண்ணெய்த் துணி

அப்பாவுக்கு, அறிவுச்செல்வி வணக்கமுங்க.

இங்க தைவான்ல, தைபே ஊர்ல நான் சௌக்கியமா இருக்கறனுங்க. உங்க கை நடுக்கம் தேவலைங்களா? லாரிக்குப் பேர் எழுதற பிரஷ்ஷை நீங்க தொடறதே இல்லைன்னு அம்மா சொன்னாங்க.

ஞாயித்துக்கிழமை கூட வேலை செய்யற லின் என்னை ஒரு கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனா. சீனத் தூரிகை எழுத்துல பேர்போன ஒரு பழைய கையெழுத்துத் தாளோட நகலை அங்க வச்சிருந்தாங்க. பாத்தா ஒரே அடித்தல் திருத்தல். "எங்கப்பாவா இருந்தா மண்ணெண்ணெய்த் துணியால தொடைச்சுட்டு மறுபடி எழுதுவாரு"ன்னேன். லின் சிரிச்சுட்டா. போர்ல செத்த அண்ணன் மகனுக்காக ஒருத்தர் துக்கம் தாங்காம எழுதுனதாம். ஆயிரத்து இருநூறு வருசத்துக்கும் மேல ஆச்சு. கை தடுமாறுன இடமெல்லாம் அப்படியே தெரியறதாலதான் அதை உசத்தியா வச்சிருக்காங்களாம்.

அப்புறம் கிட்டப்போய்ப் பாத்தனுங்க. மை தீந்தும் நிறுத்தாம இழுத்திருந்த இடத்தை லின்னுக்கு நானே காட்டுனேன். "உங்கப்பா எழுத்துக் கலைஞரா?"ன்னு கேட்டா. ஆமா, நாமக்கல் லாரியில பாதி அவர் எழுத்தோடதான் ஓடுதுன்னேன். கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டன் போல, பக்கத்துல இருந்தவங்கெல்லாம் திரும்பிப் பாத்தாங்க.

அம்மா பருப்புப்பொடி அனுப்பறப்ப, ஒரு தகரத்துல என் பேரை முழுசா எழுதி அதுகூட வையுங்க. என் ரூம் கதவுல வெறும் நம்பர்தான் இருக்குது. கை நடுங்குனா நடுங்கட்டுங்க. அந்த மண்ணெண்ணெய்த் துணியை மட்டும் எடுக்காதீங்க.

சிப்டுக்கு நேரமாச்சுங்க.

உங்க செல்வி