பிள்ளையை வெட்டினால் விலை கூடுது

டண்டினொங்
15-7-1979

அன்பு மகன் சிறிக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் சுகம். குளிர்தான் எலும்புக்குள்ளை போகுது, அப்பாவுக்கு முழங்கால் பிடிச்சுக்கொண்டு நிக்குது, மற்றப்படி குறை சொல்ல ஒண்டும் இல்லை. நீயும் அந்தச் செம்மண் புழுதிக்கை, இரும்புச் சுரங்கத்துக்கை, நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்கவேணும் எண்டு நல்லூர்க் கந்தனை நினைச்சுக்கொண்டு எழுதிறன். உன்ர ரெண்டாம் திகதிக் கடிதம் ஆறாம் திகதி வெள்ளிக்கிழமை கிடைச்சது. பதில் போட ஒன்பது நாள் செண்டுபோச்சு. ஏன் எண்டு கேளாதை, அதைத்தான் எழுதப்போறன், எதிலை தொடங்கிறது எண்டு தெரியாமல் ரெண்டு தாளைக் கிழிச்சும் எறிஞ்சுபோட்டன்.

நீ எழுதினது இவ்வளவுதான். கல்யாணம் முடிஞ்ச கையோடை நீயும் வைதேகியும் ஹனிமூன் போக சிட்னிக்கு வடக்காலை கடற்கரைப் பக்கம் ஒரு இடம் பாத்திருக்கிறியள், டண்டினொங் ஸ்ரேசனுக்கு முன்னாலை இருக்கிற பயண ஏஜென்சியிலை மலிவாய் எடுக்கலாமாம், நீ ரெலிபோனிலை எல்லாம் கதைச்சுச் சரிக்கட்டிப்போட்டாய், அம்மா போய் முற்பணம் கட்டிக் கையெழுத்து மட்டும் வைச்சால் காணும். இங்கை பக்கத்திலை ரோவிலிலை காணி வாங்கிறதுக்குக் காசு சேர்க்கிறாய், வீண் செலவு செய்யேலாது எண்டும் எழுதியிருந்தாய். அது நல்ல புத்தி. நான் உன்ர கடிதத்தை அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான், அவர் பேப்பரைப் பாத்துக்கொண்டு ம் எண்டவர்.

அடுத்த நாள் சனிக்கிழமை காலமை நான் தனியப் போனனான். அங்கை சிவப்புத் தலைமயிரோடை ஒரு வெள்ளைக்காரப் பெண், நல்ல மனுசி, கதிரையிலை இருத்தி அந்த இடத்தின்ரை படங்களைக் காட்டினா. தம்பி, நான் என்னத்தைச் சொல்ல. படம் முழுக்கக் குழந்தைப் பிள்ளையள். ராட்டினம், குட்டி றெயின், முயல் வேசம் போட்ட ஒருத்தன், தண்ணிக்குள்ளை சறுக்கிற மரக்கட்டைத் தோணி. இரவிலை படுக்கிறதுக்குச் சின்னச் சின்ன மரவீடுகள், அதிலை தட்டுக்கட்டில், மேலை ஒண்டு கீழை ஒண்டு. புதுசாய்க் கல்யாணம் முடிச்சதுகள் தட்டுக்கட்டிலிலை என்ன செய்யிறது எண்டு எனக்கு விளங்கேல்லை, கேக்கவும் வெக்கமாய்க் கிடந்தது. இந்த நாட்டுப் பழக்கம் இப்பிடியாக்கும் எண்டு நினைச்சு அடுத்த படத்தைப் பாத்தன். பிறகு அவ உன்ர பைலை எடுத்து வாசிச்சா, பெரியாக்கள் ரெண்டு, பிள்ளை ஒண்டு, பெயர் கிரிஜா, வயசு ஆறு எண்டு. நான் சொன்னன், இது வேறை ஆரின்ரையோ பைல், என்ர மகனுக்கு இனித்தான் கல்யாணம், எங்களுக்குப் பிள்ளை ஒண்டும் இல்லை எண்டு. அவ திரும்பவும் பாத்திட்டு, இல்லை அம்மா, மகன்தான் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னவர் எண்டா. எனக்குக் கோவம் வந்திட்டுது. பிழையாய் எழுதிப்போட்டு என்னோடை வாதாடுறா எண்டு நினைச்சு, அந்தப் பிள்ளையை வெட்டச் சொன்னன். அவ வெட்டினா. வெட்டிப்போட்டு மிசினிலை தட்டிப் பாத்து, அப்பிடியெண்டால் விலை கூடும் எண்டா. மூண்டு பேருக்குக் குறைஞ்ச விலை, ரெண்டு பேருக்குக் கூடின விலை! ஒராளை எடுத்தால் எப்பிடிக் கூடும் எண்டு நான் கேக்க, குடும்பமாய்ப் போனால்தான் அந்தக் கழிவு, சோடியாய்ப் போறவைக்கு இல்லை எண்டு விளங்கப்படுத்தினா. மகனைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு கையெழுத்து வைக்காமல் எழும்பி வந்திட்டன்.

வீட்டை வந்து குசினிக்குள்ளை நிண்ட அப்பாவிட்டை நடந்ததைச் சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னனான். பாருங்கோ, எங்கடை பிள்ளைக்கு ஆறு வயசிலை ஒரு பெட்டையை மகள் எண்டு கட்டிவிட்டுட்டாளவை எண்டு. அப்பா தேத்தண்ணி ஆத்திக்கொண்டு நிண்டவர், நிமிராமல், ஆறு இல்லை, வாற மாதம் ஏழு எண்டு சொல்லிப்போட்டார். சொன்னபிறகுதான் தான் என்ன சொன்னது எண்டு அந்த மனுசனுக்கே விளங்கினது. கோப்பையை வைச்சிட்டு எல்லாத்தையும் ஒண்டொண்டாய்ச் சொன்னார். முப்பத்தொரு வருசம் நான் அவரோடை இருக்கிறன், ஒரு விசயத்தை ஒளிக்கத் தெரியாத மனுசன். நீ வைகாசியிலையே அவருக்கு வேலை செய்யிற இடத்துக்குக் கடிதம் போட்டிருக்கிறாய். வைதேகி கல்யாணம் முடிச்சு இருந்தவள், புருசன் மூண்டு வருசத்துக்கு முன்னம் மாரடைப்பிலை செத்துப்போனார், ஒரு பெட்டை இருக்கு, அம்மாவுக்கு நேரம் பாத்து நீங்கள்தான் சொல்லவேணும் எண்டு. அவர் அந்தக் கடிதத்தை மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்கை வைச்சுக்கொண்டு ரெண்டு மாதமாய் நேரம் பாத்துக்கொண்டு திரிஞ்சிருக்கிறார். அவர் எப்பிடியும் சொல்லிப்போடுவார் எண்டு நம்பித்தான் நீ என்னை ஏஜென்சிக்கு அனுப்பினாயாக்கும். நான் அவரோடை நாலு நாள் கதைக்கேல்லை. அவர் பாவம், தானே சமைச்சார்.

சிறி, நீ எனக்கு என்ன சொன்னனீ? அந்தப் பிள்ளை இந்தியாப் பிள்ளை, வெஸ்ட்மீட்டிலை புதுசாய்த் திறந்த ஆசுப்பத்திரியிலை நேர்ஸ், சிட்னியிலை தனிய இருக்கிறா எண்டு. தனிய எண்டால் என்ன கருத்து? எங்கடை ஊர்ப் பிள்ளை இல்லையே எண்டு முதல் நான் மூக்கைச் சிந்தினது உண்மைதான், பிறகு ரெலிபோனிலை ரெண்டு தரம் அவளின்ரை குரலைக் கேட்டு மனம் ஆறி, கூறையும் எடுப்பிச்சு வைச்சிட்டன். இதைச் சொன்னால் அம்மா மறுத்துப்போடுவா எண்டு நினைச்சியோ? மறுத்துத்தான் இருப்பனோ? எனக்கே தெரியேல்லை. நீ கேட்டிருந்தால் அல்லோ எனக்குத் தெரிஞ்சிருக்கும்.

புதன்கிழமை நான் பகல் றெயின் ஏறி சிட்னிக்குப் போனனான். ஓம், தனியத்தான். அப்பா ஸ்ரேசன் வரைக்கும் வந்து இடம் பிடிச்சு இருத்திப்போட்டு, யன்னலுக்கு வெளியிலை கையைக் கட்டிக்கொண்டு நிண்டவர். ஸ்ட்ராத்ஃபீல்டிலை எங்கடை ஊர் வாசுதேவன் வீட்டிலை தங்கி, அங்கையிருந்து வைதேகிக்கு ரெலிபோன் பண்ணி வாறன் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த நாள் பின்னேரம் போனன். வழி முழுக்க என்ன கேக்கிறது எண்டு ஒழுங்காய் அடுக்கி வைச்சிருந்தனான். இப்பிடி மறைச்சது சரியோ பிள்ளை, ஒரு தாயிட்டைச் சொல்லாமல் கல்யாணம் செய்யிறது நல்லதோ எண்டு. கதவைத் திறந்தவுடனை அவள் காலிலை விழுந்தாள். பிறகு என்ரை ரெண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு சொல்லுறாள், அத்தை, எல்லாம் தெரிஞ்சும் நீங்க சம்மதிச்சீங்கன்னு சிறி எழுதினப்போ என்னால நம்பவே முடியல, அந்தக் கடிதத்தைப் பத்துத் தடவை படிச்சேன், உங்க வீட்டுல இருக்கிற பெருந்தன்மை எங்க சொந்தக்காரங்ககிட்டகூட இல்லை எண்டு. எங்கடை பக்கம் அத்தை எண்டால் தகப்பனின்ரை சகோதரி, என்னை ஏன் அத்தை எண்டுறாள் எண்டு ஒரு பக்கத்தாலை யோசிக்கிறன், மற்றப் பக்கத்தாலை நீ அவளுக்கும் பொய் எழுதியிருக்கிறாய் எண்டு விளங்குது. உங்களுக்குச் சிறி எல்லாம் சொன்னார்தானே அத்தை எண்டு திரும்பக் கேட்டாள். என்ர வாய் ஓம் எண்டு சொல்லிப்போட்டுது. அடுக்கி வைச்சது ஒண்டும் வரேல்லை. அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு வேறை என்னத்தைச் சொல்ல.

கொஞ்ச நேரத்தாலை பெட்டை பள்ளிக்கூடத்தாலை வந்தது. மெல்லிசு, முன்பல்லு ரெண்டும் இல்லை, தாய் தமிழிலை கேட்க அது இங்கிலிசிலை பதில் சொல்லுது. என்னைப் பாத்து, நீங்கள்தானோ சிறியின்ரை அம்மா எண்டு கேட்டிட்டு, உள்ளை ஓடிப்போய் அந்த இடத்தின்ரை படப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியிலை போட்டுது. பெரிய சுத்து றெயினிலை ஏற நாலு அடி உயரம் வேணுமாம், தான் காணுமோ எண்டு பாக்கச் சொல்லிக் கதவுநிலையோடை போய் நிமிந்து நிண்டுது. வீட்டிலை அளவுநாடா இல்லை, நான் சாணாலை அளந்தன். மூண்டு விரல் காணாது. சொன்னதும் முகம் சுண்டிப்போச்சு. கல்யாணத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கு, நல்லாய்ச் சாப்பிட்டால் வளருவாய் எண்டு நான் சொல்ல, அண்டு ராத்திரிச் சோறு முழுக்கச் சாப்பிட்டதாம், அடுத்த நாள் தாய் ரெலிபோனிலை சொன்னாள். மூண்டு விரல் ஏழு கிழமையிலை எங்கை வளரப்போகுது, நான் ஏன் அப்பிடிச் சொன்னனோ தெரியாது.

குசினிக்குள்ளை வைச்சு வைதேகி ஒரு விசயம் சொன்னாள். தகப்பன் செத்த அண்டைக்கு இந்தப் பிள்ளையைப் பக்கத்து வீட்டிலை விட்டுட்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினவளாம், காரியம் எல்லாம் முடியும் வரைக்கும் ஆறு நாள் அங்கையே விட்டிருந்தவளாம், பிள்ளைக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அதுக்குப் பிறகு வேறை ஒரு வீட்டிலை படுக்காதாம். கல்யாணக் கதை தொடங்கின நாள் அது உன்னட்டைக் கேட்டுதாம், நீங்கள் ரெண்டு பேரும் போகேக்கை என்னை எங்கை விடுவியள் எண்டு. நீ உடனை, உன்னை விடுறேல்லை, நீயும் வாறாய் எண்டு சொன்னியாம். அதுதான் ராட்டினமும் முயலும். அதைக் கேட்ட உடனை எனக்கு உன்னிலை இருந்த கோவம் பாதி எங்கையோ போச்சு, மிச்சப் பாதி கூடிச்சுது. ஒரு ஆறு வயசுப் பிள்ளையிட்டை இவ்வளவு நேர்மையாய் நடக்கத் தெரிஞ்ச உனக்கு, பெத்த தாயிட்டையும் கட்டப்போற பெண்ணிட்டையும் ஏன் தெரியாமல் போச்சு? இதைத்தான் றெயினிலை வரேக்கை முழுக்க யோசிச்சனான்.

நேற்று ஏஜென்சிக்குத் திரும்பப் போனன். அந்த மனுசி என்னைக் கண்டதும் கொஞ்சம் பயந்தவ. நான் பிள்ளையைத் திரும்பப் போடச் சொன்னன். பிள்ளை உங்களுக்கு என்ன முறை எண்டு கேட்டா. நான் யோசிச்சுக்கொண்டு இருக்க, அவ தானே பேத்தி எண்டு எழுதினா. நான் திருத்தேல்லை. கையெழுத்தும் வைச்சிட்டன். பள்ளிக்கூட லீவுக் காலமாம், மரவீடுகள் கெதியாய் முடிஞ்சுபோகுமாம். பக்கத்து மரவீடு ஒண்டை எங்கடை பெயரிலை இந்த மாதம் இருபத்தேழாம் திகதி வரைக்கும் மறிச்சு வைச்சிருக்கிறன். நானும் அப்பாவும் நடு ரெண்டு நாளைக்கு வந்தால் பகலிலை பிள்ளையை ராட்டினத்திலை ஏத்திக்கொண்டு திரியலாம், நீங்கள் ரெண்டு பேரும் கடற்கரையிலை நடந்து திரியலாம். இரவிலை அது தாயோடைதான் படுக்கும், அதிலை மாற்றம் இல்லை. ஹனிமூனுக்கு மாமன் மாமி போறது எங்கையாவது உண்டோ எண்டு எனக்குத் தெரியாது, அப்பாவும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். வைதேகிக்கும் பிள்ளைக்கும் விருப்பம் எண்டால்தான். அவையைக் கேக்காமல் நீயாய் ஓம் எண்டு எழுதிப்போடாதை, உன்ர ஓமை நான் இனி நம்பமாட்டன்.

இனி முக்கியமான விசயம். நான் வைதேகியிட்டை உன்னைக் காட்டிக்குடுக்கேல்லை, காட்டிக்குடுக்கவும் மாட்டன். நீயே அவளுக்குச் சொல்லவேணும், கல்யாணத்துக்கு முதல். கடிதம் வேண்டாம், சனிக்கிழமை சுரங்க முகாமிலை லைனிலை நிண்டு ரெலிபோன் எடு, காசைப் பாக்காதை. அம்மாவுக்கு நான் சொல்லவே இல்லை, அவ உன்ர வாசலிலை நிண்டுதான் ஓம் எண்டவ எண்டு சொல்லு. அவள் அழுவாள். கோவிச்சுக்கொண்டு கல்யாணமே வேண்டாம் எண்டும் சொல்லுவாள், சொன்னால் அவளிலை பிழை எண்டு நான் சொல்லமாட்டன், அதையும் இப்பவே எழுதி வைக்கிறன். ஆனால் பொய்யிலை தொடங்கின குடித்தனத்துக்கு எத்தினை முயல் வந்து ஆடினாலும் சந்தோசம் வராது தம்பி.

உடம்பைக் கவனி. தலைக்கு எண்ணெய் வை, அந்த வெயிலுக்குள்ளை தொப்பி இல்லாமல் நிக்காதை. தாலிக்குப் பொன் உருக்க நாள் பாத்திருக்கு, அதைப் பிறகு எழுதிறன். முற்பணம் கட்டின ரசீதை இதுக்குள்ளை வைச்சிருக்கிறன், துலைச்சுப்போடாதை. உனக்கும் வைதேகிக்கும் அந்தக் குஞ்சு கிரிஜாவுக்கும் எங்கடை ஆசி எப்பவும் இருக்கும், கந்தன் காவல்.

அண்டைக்கு அந்த வாசலிலை நான் சொன்ன ஓம் பொய் மகன். இண்டைக்கு அது பொய்யோ மெய்யோ எண்டு நான் இன்னும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறன், ஆனால் நேற்று ஏஜென்சியாலை வரேக்கை கடைத்தெருவிலை ஒரு சின்னப் பிள்ளைச் சட்டையைக் கண்டு, அளவு தெரியாமல் கையாலை சாண் போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டன்.

உன்ர அம்மா,
இரஞ்சிதம் சச்சிதானந்தன்