கிணற்றடி வேலிக்குக் கிடைத்த மூங்கில்

அனுப்புநர்:
சிவகரன் கஜாலினி (வயது 17),
நாரந்தனை வடக்கு,
ஊர்காவற்றுறை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

விடயம்: வேலிக்கென வழங்கப்பட்ட மூங்கில் வேர் ஓடுவதும், அதை வேரோடு கிளப்புமுன் மாற்று நாற்று வேண்டுவதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் 19ஆம் திகதி காலை, எங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் கல்லின் வெடிப்பில் பென்சில் முனை அளவில் ஒரு முளையைக் கண்டேன். புல் என்று நினைத்துப் பிடுங்கினேன். வரவில்லை. அது மூங்கில். எங்கள் மூங்கில் வேலி அந்தக் கல்லிலிருந்து பதினொரு அடி தள்ளி உள்ளது.

2. இது எங்களுக்கும் பக்கத்துக் காணி திருமதி ஏரம்பு இலட்சுமிப்பிள்ளை அவர்களுக்கும் உரிய பங்குக் கிணறு. சுற்றிலும் உள்ள மற்றக் கிணறுகள் உவர். இரண்டு வீடும் குடிப்பது இதில்தான்.

3. 2022 ஐப்பசியில் தங்கள் செயலகத்தில் நடந்த நாற்று விநியோகத்தில் இந்த மூங்கிலைப் பெற்றேன். மூங்கிலில் இரண்டு வகை உண்டு என்பதை அதற்கு முன்பே ஒரு துண்டுப்பிரசுரத்தில் வாசித்திருந்தேன். ஒன்று நட்ட இடத்திலேயே புதர் போலப் பற்றையாக நிற்கும். மற்றது நிலத்தின் கீழ் வேர் ஓடி வேறிடத்தில் முளைக்கும். பற்றையாக நிற்பதைக் கேட்கவே போனேன். படிவத்தில் 'தேவைக்கான காரணம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் கொடுத்தேன். எனக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றனர். மேசையில் இருந்த உத்தியோகத்தர், "என்ன தங்கச்சி, சோளகக் காத்துக்கோ?" என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். அவர் 'காற்றுத் தடுப்பு' என்று எழுதி, வயல் வரம்புக்கென வந்திருந்த பத்து நாற்றுகளைத் தந்தார். எந்த வகை என்று நான் கேட்கவில்லை. அவரில் பிழை சொல்ல இதை எழுதவில்லை.

4. அந்தக் கட்டத்தில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எங்கள் பின்காணி வீடு வெளிநாட்டில் உள்ளவர்களுடையது. 2021இல் அதற்கு மேல்மாடி கட்டி, வருவோர் தங்க வாடகைக்கு விடுகிறார்கள். மாடி விறாந்தை எங்கள் கிணற்றைப் பார்த்தபடி உள்ளது. தென்னோலைக் கிடுகு வேலி அந்த உயரத்தை மறைக்காது. தகரம் அடித்தோம், காற்று கொண்டுபோனது. அங்கு நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்கள் என்று நான் கூறவில்லை. நிற்கிறார்கள். நான் பாடசாலையை விட்டு நின்றுவிட்டேன். அம்மா யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போவதால் பகலில் வீட்டில் தனியே இருப்பேன். மாடி வந்ததிலிருந்து மூங்கில் வளரும்வரை வாளியில் தண்ணீர் அள்ளிச் சென்று குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், கதவைச் சாத்திக் குளித்தேன். இரண்டரை வருடம்.

5. நட்டதிலும் என் பிழை உண்டு. இங்கு வேலி என்றால் கதியால் தடிகளை நடுவது போல எல்லைக் கோட்டிலேயே நடுவது வழக்கம். நானும் அப்படியே நட்டேன். ஓடும் மூங்கிலுக்குச் சுற்றிவரக் கிடங்கு வெட்டி வேரை மறிக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

6. இவ்வருடம் சித்திரையில் மூங்கில் மாடி விறாந்தையை மறைத்தது. அதன்பின் ஐந்து மாதம் கிணற்றடியில் குளித்தேன்.

7. முளையை இலட்சுமிப்பிள்ளை அக்காவுக்கு நானே காட்டினேன். "கிணத்துக்கட்டு வெடிச்சால் ரெண்டு வீடும் எங்கை பிள்ளை போறது? மழைக்கு முதல் உந்த மூங்கிலைக் கிளப்பிப் போடும்" என்றார். அவர் சொல்வது நியாயம். எதற்காக நட்டேன் என்று அவரிடமும் சொல்லவில்லை.

8. ஆகவே தயவுசெய்து மழைக்கு முன் விவசாய உத்தியோகத்தர் ஒருவரை அனுப்பி, கிணற்றுப் பக்கம் கிடங்கு வெட்டி வேரை மறிக்க முடியுமா என்று பார்த்துச் சொல்லவும். முடியாது என்றால், பற்றையாக நிற்கும் நாற்றுகளை முதலில் தந்து, அவை வளரும்வரை பழையதைக் கிணற்றை விட்டுத் தள்ளிய பக்கத்திலாவது நிற்க விடுமாறு இலட்சுமிப்பிள்ளை அக்காவிடம் தாங்கள் எடுத்துச் சொல்லவும். வருபவர் பெண் உத்தியோகத்தராக இருந்தால் நல்லது. இனி நாற்று வழங்கும்போது காரணத்தை எழுத்தில் மட்டும் கேட்குமாறும் வேண்டுகிறேன்.

9. முளைகளை வெட்டிவிட்டால் வேர் எவ்வளவு தூரம் வந்தது என்று காட்ட இயலாது. இன்று காலை தேடிப் பார்த்ததில் ஏழு இருந்தன. வருபவர் கண்டுகொள்வதற்காக ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துள்ளேன். அங்கு குளித்தால் வேருக்குத் தண்ணீர் போகும் என்பதால், பிறகு வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனேன்.

இடம்: நாரந்தனை
திகதி: 14.09.2024

இங்ஙனம்,
சி. கஜாலினி