பெயின்ற் அடித்த இரும்புக் கால்

அங்கிள்,

உங்கள் வேலைச் சட்டையை அம்மா இன்றைக்கும் தோய்த்தார். கிறீஸ் மணம் போகவில்லை. நீங்கள் செத்து எட்டு நாள்கூட ஆகவில்லை, கீழே உங்கள் பேஸ்மென்ற் அறைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். போர்வைக்குள் டோர்ச் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்பா கண்டால் கிழித்துவிடுவார்.

வாகனம் தூக்கும் அந்த றெக்கரை மோர்னிங்சைட் வீதியில் எங்கள் வாசலுக்கு நீங்கள் முதன்முதல் கொண்டுவந்தபோது, நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். கனேடிய இராணுவம் கழித்துவிட்ட பழைய லொறி. ஊரில் ஆமிக்காரரின் லொறிக்கு இருந்த அதே பச்சை நிறம். பின்னால் பெரிய கிரேன். "வா பிள்ளை, உது சுடாது. உதுக்குத் தூக்க மட்டுந்தான் தெரியும்" என்று சிரித்தீர்கள். நெடுஞ்சாலையில் குடைசாய்ந்த பஸ்ஸைக்கூடத் தூக்குமாம்.

தூக்கும்போது றெக்கர் சரியாமலிருக்க, இரண்டு பக்கமும் இரும்புக் கால்களை இறக்கி ஊன்ற வேண்டும். இடப்பக்கக் கால் தேய்ந்துபோய், பாரம் ஏறினால் வழுக்கியது. முதலாளியிடம் சொல்லிச் சொல்லி அலுத்து என்னிடம் வந்தீர்கள். எங்கள் வீடுகளில் ஆங்கிலக் கடிதம் எழுதுவது பிள்ளைகள்தானே. "கால் திருத்துமட்டும் கிரேனிலை கை வைக்கமாட்டன். அப்பிடியே எழுது" என்றீர்கள். எழுதினேன்.

உங்களோடு அதே லொறி யார்ட்டில் வேலை செய்யும் அப்பா, அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். "முதலாளிக்கு உப்பிடியே எழுதுறது? என்ரை வேலையும் போகும். எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. மரியாதையா எழுது."

அந்த வரியை வெட்டினேன். வசதியான நேரத்தில் தயவுசெய்து பார்க்கவும் என்று மாற்றி, புதுத் தாளில் எழுதினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வெட்டாமலே, வெட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன்.

கையெழுத்து வைக்க முன், "நான் சொன்னது இருக்கோ?" என்று கேட்டீர்கள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓம் அங்கிள்" என்றேன்.

முதலாளி காலைத் திருத்தவில்லை. மேலே பெயின்ற் அடித்துவிட்டார். அவ்வளவு கண்டிப்பாக எழுதிய பிறகு அந்தப் புதுப் பச்சையைப் பார்த்தால், திருத்திவிட்டார்கள் என்றுதானே நம்பியிருப்பீர்கள்? பாரம் ஏறியதும் கால் வழுக்கி, றெக்கர் உங்கள் மேல் சரிந்தது.

செத்தவீட்டுக்கு முதலாளி பூவோடு வந்தார். ஆபத்து என்று நீங்கள் ஒருநாளும் எழுதவில்லையாம். அதை உங்கள் அக்காவுக்குத் தமிழில் சொல்ல வைத்ததும் என்னைத்தான். "அவன் எப்பவும் அவசரக்காரன்தான்" என்று அப்பா தலையாட்டினார். தேத்தண்ணியை அரை மணித்தியாலம் ஆறவிட்டுக் குடிக்கிற நீங்களா அவசரக்காரன்? உங்களோடு ஒரே கோப்பையில் சாப்பிட்ட மனுசன் அப்படிச் சொல்கிறார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நாளைக்கு விபத்தை விசாரிக்கும் அதிகாரி வீட்டுக்கு வருகிறார். "நான் சொல்லுறதை மட்டும் இங்கிலீசிலை சொல்லு" என்று அப்பா சொல்லிவிட்டார். வெட்டிய வரியோடு முதல் தாள் என் சயன்ஸ் கொப்பிக்குள் இருக்கிறது. அதை அந்த அதிகாரியின் கையில் கொடுப்பேன். அப்பா அடிப்பார். கேஸ் என்னாகும் என்று தெரியவில்லை. கொடுத்தே தீருவேன்.

ஆனால் உங்களுக்கு நான் சொன்ன அந்த "ஓம்" எந்தத் தாளிலும் இல்லை, அங்கிள். அது என்னிடந்தான் இருக்கப்போகிறது.