அலமாரி மறைத்த சுவர்

2023 மார்ச் 3, வெள்ளி

பேக்கரி வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்தால் வாசலில் வீட்டுக்காரர் கிரிம்ஷாவின் கார். அந்தக் கார் வந்தால் வாடகை ஏறும். பதினோரு வருடமாக அப்படித்தான்.

வாடகை ஏறவில்லை. வீட்டையே விற்கிறாராம்.

"முட்டி ரெண்டும் போச்சும்மா லொரெய்ன். ஸ்பெயின்ல மக வீட்டுப் பக்கம் போய் வெயில்ல உக்காந்துடலாம்னு பாக்கறேன். நீங்க ஒரு மாசம்கூட வாடகை தவறினதில்ல. அதனால மொதல்ல ஒங்களக் கேக்கறேன். மே கடைசிக்குள்ள முடிச்சா வீடு ஒங்களுக்கு. இல்லன்னா ஏலத்துல விட்டுடுவேன்."

டீ கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை போட மறந்து எனக்கு நாலு ஸ்பூன் போட்டுக்கொண்டேன். விலை தொண்ணூறாயிரம் பவுண்டு.

என் புருஷன் கிளைவ் பின்னறைக் கட்டிலில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் இருமினான், பிறகு சிரித்தான். "நாமளா? வீடா? லொரெய்ன், கண்ணாடியில மூஞ்சியப் பாத்தியா நீ?" கிடங்கில் வேலை போனதிலிருந்து அவன் சிரித்தே நான் பார்க்கவில்லை. இதற்காகவாவது வாங்க வேண்டும்.

மார்ச் 8, புதன்

வங்கி சரி என்றுவிட்டது! அம்மா விட்டுப்போன பணமும் கிளைவுக்கு வேலை போனபோது வந்த பணமும் முன்பணத்துக்குப் போதுமாம். மூச்சுவிடத் திணறும் ஒருவனையும் ஐம்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தியையும் நம்பிப் பதினைந்து வருடக் கடன். அந்த வங்கிக்காரனுக்குப் புத்தி இருக்கிறதா என்று தெரியவில்லை. நல்லா இருக்கட்டும்.

மார்ச் 15, புதன்

வாங்குவதற்கு முன் வீட்டில் குறை இருக்கிறதா என்று சர்வே எடுக்க வேண்டுமாம். மூன்று வகை இருக்கிறது என்று போனில் ஒரு பெண் சொன்னாள். "மொத வகை சும்மா ஒரு சுத்து சுத்திப் பாக்கறது. மூணாவது தோண்டித் துருவிப் பாக்கறது, வெலையும் அதிகம். ஒங்களுக்கு நடுவுல உள்ளது போதுங்க." நடுவில் உள்ளதே ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வீட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் குறி போட்டுத் தருவார்களாம். வங்கிக்கான மதிப்பையும் அதே சர்வேயரே எழுதிக் கொடுத்துவிடுவார்.

"பதினோரு வருஷமாக் குடியிருக்கோம். நமக்குத் தெரியாததையா வந்து சொல்லப் போறாங்க?" என்றான் கிளைவ்.

பணம் கட்டிவிட்டேன்.

மார்ச் 26, ஞாயிறு

நாளைக்கு சர்வேயர். காலையிலிருந்து இடுப்பு ஒடிந்துவிட்டது. குளியலறை மூலையில் இருந்த கரும்பூஞ்சையை ப்ளீச் போட்டுத் தேய்த்தாயிற்று. சமையலறை ஜன்னலுக்கு மேலே வெள்ளைப் பெயின்ட் ஒரு கை. வாடை போக எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, சுவர் காய மத்தியானத்திலிருந்து ஹீட்டரை முழுதாக ஓட விட்டிருக்கிறேன். பின்னறை அலமாரியைச் சுவரோடு சுவராக இன்னும் இரண்டு அங்குலம் தள்ளினேன்.

கிரிம்ஷாவின் வாடகை ஏஜென்சியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெண் வீட்டைச் சோதிக்க அட்டையும் பேனாவுமாக வருவாள். ஒரு தடவைகூடக் குறை எழுத விட்டதில்லை. நாளைக்கு வருகிறவள் மட்டும் என்ன கொம்பா?

"யாருக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" என்றான் கிளைவ். ப்ளீச் நெடி அவனுக்கு ஆகாது. வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான்.

மார்ச் 27, திங்கள்

சர்வேயர் பெயர் ஹேசல் திரெல்ஃபால். நாற்பது வயதிருக்கும், நல்ல பெண். கையில் ஈரம் பார்க்கிற கருவி. சுவரில் வைத்தால் அது கத்தும் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். கத்தவே இல்லை. ஹீட்டருக்கு ஒரு கும்பிடு.

பின்னறையில் அலமாரியைக் காட்டி, "இது பின்னாடி பாக்க முடியுமா? சாமானெல்லாம் நான் நகத்தக் கூடாது, அது எங்க விதி. நீங்க நகத்திக் கொடுத்தா பாப்பேன்" என்றாள்.

"ஐயோ, அது மலை மாதிரி கனம்ங்க. என் புருஷனுக்கு நெஞ்சு சரியில்ல" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து தானாக வந்தது. அவள் ஏதோ எழுதிக்கொண்டாள்.

போகும்போது, "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டினாள். நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 6, வியாழன்

அறிக்கை வந்துவிட்டது. நாற்பத்திரண்டு பக்கம். எல்லாம் பச்சை! இரண்டே மஞ்சள். கூரையில் நாலு ஓடு நழுவியிருக்கிறது, மழைநீர்க் குழாய் ஒன்று ஒழுகுகிறது. சிவப்பு ஒன்றுகூட இல்லை.

இந்த வீட்டுக் கதவை இனி என் இஷ்டத்துக்கு எந்த நிறத்தில் வேண்டுமானாலும் அடிப்பேன். நீலம்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

கடையில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கி வந்து சாப்பிட்டோம். கிளைவ் என் தட்டிலிருந்து திருடித் தின்றான். எழுதி வைக்கத்தான் வேண்டும், அவ்வளவு நல்ல நாள்.

ஏப்ரல் 8, சனி

 

காலையில் கிளைவ் கண்ணாடி போட்டுக்கொண்டு அறிக்கையை வரி விடாமல் படித்தான். முப்பத்தோராம் பக்கத்தில் நிறுத்தினான். "'பின்புறப் படுக்கையறை, வெளிச்சுவர், பார்வையிட இயலவில்லை.' ஏன்?"

"அலமாரி இருக்குல்ல."

"நகத்த வேண்டியதுதானே?"

"நகத்தினா தெரிஞ்சிடுமே" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "யாருக்குத் தெரிஞ்சிடும்?"

கடவுளே. அந்த ஒரு கேள்வி. யாருக்கு? வந்தவள் நான் காசு கொடுத்துக் கூப்பிட்ட ஆள். குறை கண்டுபிடிக்கத்தான் கொடுத்தேன். அவள் கண்ணிலிருந்து ஒளித்து வைத்து, டீயும் கொடுத்து, நல்ல பேரும் வாங்கி அனுப்பியிருக்கிறேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். வாடகைக்கு இருந்து இருந்து, அட்டையும் பேனாவுமாக யார் வந்தாலும் கை தானாக ப்ளீச் பாட்டிலுக்குப் போகிறது.

அவனே அலமாரியை இழுத்தான். மலையெல்லாம் ஒன்றுமில்லை, கால் மணி நேரம் ஆனது, இரண்டு தடவை மூச்சுக்கு நின்றான். பின்னால் சுவர் கறுப்பாக இருந்தது. சாம்பல் இல்லை, கறுப்பு. ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை படிக்கட்டு மாதிரி விரிசல், என் சுண்டுவிரல் உள்ளே போகிறது. வால்பேப்பர் தானாக உரிந்து விழுந்தது, அதோடு பூச்சும்.

"தெரியுமா ஒனக்கு?"

இவ்வளவு என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு கறை, ஒரு கை அகலம், அவ்வளவுதான். அந்த மாதம்தான் இதே தெருவில் பதினாலாம் நம்பரில் குடியிருந்தவர்கள் ஈரம் என்று புகார் சொல்லி, அடுத்த மாதமே காலி செய்யச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் வந்தது. பயந்துவிட்டேன். அலமாரியை இழுத்து மறைத்தேன். அதன் பிறகு பார்க்கவேயில்லை. பார்க்க விரும்பவில்லை என்று எழுது, லொரெய்ன்.

"அதுக்கப்பறம்தானே என் கட்டில இந்த ரூமுக்கு மாத்தின?"

ஆமாம். அவன் இருமினால் எனக்குத் தூக்கம் போகும், நாலு மணிக்கு எழுந்து பேக்கரிக்குப் போக வேண்டும், அதனால் மாற்றினேன். கட்டில் அலமாரியை ஒட்டித்தான் இருக்கிறது.

"தெரிஞ்சே அந்தச் செவுத்துப் பக்கத்துல என்னப் படுக்க வெச்சிருக்க" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

கிளைவ் முன்னறை சோபாவுக்குப் போய்விட்டான். பேசவில்லை. ஆட்டுக்கறி வறுத்தது வறுத்தபடி இருக்கிறது.

ஏப்ரல் 11, செவ்வாய்

கிரிம்ஷாவுக்குப் போன் போட்டேன். சுவர் விரிந்திருக்கிறது, விலையைக் குறையுங்கள், ரிப்பேருக்காவது ஆகும் என்று.

"ஒங்க சர்வேயிலயே எல்லாம் பச்சைன்னு நீங்கதானேம்மா போன வாரம் குதிச்சீங்க?"

அலமாரியை நகர்த்தவில்லை என்றேன்.

"சரி, செவுரு எத்தன நாளா அப்படி இருக்கு?"

"அது வந்து..." என்று இழுத்தேன்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆள் அனுப்பினேன். எல்லாத் தாள்லயும் 'நல்ல நிலை'ன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சொல்லியிருந்தா அன்னைக்கே ஆயிரம் பவுண்டுல முடிச்சிருப்பேன். வீட்ட விரிய விட்டது நீங்க. இப்ப வெலையக் குறைன்னா என்ன நியாயம்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பதினாலாம் நம்பரைச் சொல்லியிருக்க வேண்டும். போனை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர்களும் இவர் வீட்டில் இருந்தவர்கள்தானே.

ஏப்ரல் 17, திங்கள்

ஹேசலுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்துவிட்டு இந்த வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. சிவப்பு என்று தாளில் எழுதிவிட்டால் கிரிம்ஷா இறங்கி வந்துதானே ஆக வேண்டும்?

அவள் சொன்னாள்: "மிஸஸ் ஆஷ்வொர்த், நீங்க சொல்லிட்டீங்க, இனிமே எனக்குத் தெரியாதுன்னு நான் இருக்க முடியாது. வந்து பாத்தா, பாத்தத எழுதணும். வங்கிக்கும் அதுதான் போகும். வரட்டுமா?"

வாங்க என்றேன்.

கிளைவிடம் சொன்னபோது ஒன்பது நாளில் முதல் தடவையாக முழு வாக்கியம் பேசினான். "ரெண்டு வருஷம் மறைச்சவளுக்கு வீட்ட வாங்கற வரைக்கும் இன்னும் ஆறு வாரம் மறைக்கத் தெரியலையா?"

அப்படியானால் நான் என்னதான் செய்திருக்க வேண்டும்? சொன்னாலும் தப்பு, சொல்லாட்டியும் தப்பு. யாராவது சொல்லுங்களேன்.

ஏப்ரல் 20, வியாழன்

ஹேசல் வந்தாள். இந்தத் தடவை ஒன்றும் துடைக்கவில்லை. கருவியை அந்தச் சுவரில் வைத்ததும் விடாமல் கத்தியது. வெளியே போய் மண்டியிட்டுச் சாக்கடைக் குழாயைப் பார்த்தாள். அது மண்ணுக்குள் உடைந்து, வருடக்கணக்காக அஸ்திவாரத்தில் ஊறி, பின்சுவர் முழுக்க வீட்டை விட்டு விலகி இறங்கிக்கொண்டிருக்கிறதாம்.

"அந்த ரூம்ல யாரு படுக்கறா?"

"இப்ப யாருமில்ல" என்றேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

வங்கியிலிருந்து கடிதம். சுவரைச் சரி செய்து இன்ஜினியர் சான்றிதழ் தரும் வரை இந்த வீட்டின் மதிப்பு பூஜ்யமாம். எண்ணிலும் எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். கடன் இல்லை.

மே 9, செவ்வாய்

கிரிம்ஷா செலவு செய்ய மாட்டேன் என்றுவிட்டார். ரொக்கத்துக்கு எடுப்பவன் எவனாவது வருவானாம். மே கடைசி வரை காத்திருப்பாராம். எதற்கு?

மே 31, புதன்

காலி செய்யச் சொல்லிக் கடிதம். இரண்டு மாதம்.

ஜூன் 19, திங்கள்

குறைந்த வாடகைக்கு அரசு வீடு கேட்டு கவுன்சில் அலுவலகத்தில் மூன்று மணி நேரம். இருக்கிறது ஒன்றே ஒன்று, மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பார்க்கப் போனபோது கிளைவ் கீழே நின்று படிகளை அண்ணாந்து பார்த்தான். முதல் மாடி திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

தனியாரிடம் போனால் எல்லா வாடகையும் நாங்கள் கொடுத்ததைவிட ஒன்றரை மடங்கு. முன்பணத்தைக் கரைத்து எத்தனை மாதம் தின்பது?

ஜூலை 12, புதன்

கிளைவின் அக்கா பெரில் மார்கம் ஊரிலிருந்து போனில் பேசினாள். கடற்கரைப் பக்கம் அவள் வீடு, படியே இல்லை, ஒரு சின்ன அறை சும்மா கிடக்கிறது. "அவன அனுப்பு. கடக் காத்து நெஞ்சுக்கு நல்லது. ஒனக்கும் எடமிருந்தா கூப்பிட மாட்டேனா லொரெய்ன், ஒத்தக் கட்டில் போடற ரூமு."

தற்காலிகமாகத்தான் என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னோம். எனக்கு வேலை இங்கே. மாடி வீட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 29, சனி

கிளைவை பெரிலின் மகன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். கிளம்பும்போது கிளைவ் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான், கொடுக்கத்தான் செய்தான். "சாப்புடு ஒழுங்கா" என்றான். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவன் துணிகள் இரண்டே பெட்டியில் அடங்கிவிட்டன.

ஆகஸ்ட் 16, புதன்

வீட்டை ஏலத்தில் எவனோ எடுத்துவிட்டானாம். எவ்வளவுக்கு என்று பேக்கரியில் ஒருத்தி சொல்ல வந்தாள். வேண்டாம் என்றேன்.

செப்டம்பர் 2, சனி

கிளைவ் போன் செய்தான். குரலே வேறாக இருக்கிறது. மூச்சு வாங்காமல் பேசுகிறான்.

"அஞ்சு வாரத்துல ஒரு இருமல்கூட இல்ல லொரெய்ன். படுத்தா விடிஞ்சுதான் முழிக்கறேன். தினம் கடக்கரையில நடக்கறேன், நானு! டாக்டரே ஆச்சரியப்படறார்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் என்று நினைத்திருப்பான். சந்தோஷமும்தான். எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. இங்கே வந்து மூன்று மாடி ஏறு என்று எந்த வாயால் கூப்பிடுவது?

வேறென்ன சொல்வது என்று தெரியாமல், கவுன்சில் வரிப் படிவம் மேஜையில் இருந்தது, அதைப் பற்றிச் சொன்னேன். குடியிருப்பவர் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒண்ணுன்னு போட்டுடு. தனியா இருந்தா கால் பங்கு வரி கொறையும்" என்றான். கரிசனமாகத்தான் சொன்னான்.

ஒன்று என்று போட்டேன். திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும்.