இரட்டைத் தையல்

மார்ச் 5

வாலுவின் அம்மாவுக்கு,

நலம். நேற்று நடந்ததுக்கு முதலில் மன்னிப்பு. பிள்ளையைத் தூங்க வைக்க வந்தவன் பிள்ளைக்கு முன்னாலேயே தூங்கிப்போனது என் தப்புதான். வாலு சமையலறைக்கு வந்து, அப்பாவைத் தூங்க வச்சுட்டேன், இனி நான் விளையாடலாமா என்று கேட்டாளாமே. ஏழு வயசுக்கு இருக்கிற பொறுப்பு நாற்பத்தொண்ணுக்கு இல்லை. நீ தட்டி எழுப்பினபோது பழைய ஞாபகத்தில், "லைட்டை அணைச்சுட்டு வந்து படு" என்று வேறு உளறிவிட்டேன். கையில் எடுத்த என் செருப்பை வாசலில் வைத்ததோடு விட்டாயே, அதுக்கு நன்றி.

மெத்தைக் கடையில் இரண்டு நாளாக ஓவர்டைம், அதுதான். வெள்ளிக்கிழமை காப்பி குடித்துவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா


மார்ச் 7

வாலுவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் சண்டை வருகிறது என்றுதான் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றேன். எழுத்திலும் சிரிக்க வைக்கப் பார்க்கிறீர்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் எனக்குப் பத்து வருஷம் போனது.

நீங்கள் தனியே போன இந்த ஏழு மாசமாக, வாரத்தில் மூணு நாள் உங்கள் கை மேலே கிடந்தால் தூங்குகிறாள். மிச்ச நாலு நாள் புரண்டு புரண்டு அழுகிறாள். நான் காலை ஆறு மணிக்கு வேலையில் நிற்கணும். டாக்டரிடம் காட்டினேன். கனமான போர்வை போட்டுப் பார்க்கச் சொன்னார். உடம்பு முழுக்கச் சீராகப் பாரம் இருந்தால் சில பேருக்கு மனசு அடங்கித் தூக்கம் வருமாம். எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாதாம். அவள் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கணும். இருபத்துமூணு கிலோ இருக்கிறாள். கடையில் எல்லாம் பெரியவர்கள் அளவு. உங்களால் தைக்க முடியுமா?

வாலுவின் அம்மா


மார்ச் 14

வாலுவின் அம்மாவுக்கு,

போர்வைக்குள் இந்தச் சீட்டை மடித்து வைத்திருக்கிறேன். உள்ளே கடுகளவு கண்ணாடி மணி. ஒரு மூலையில் போய்ச் சேராமல் இருக்கச் சின்னச் சின்னக் கட்டமாகத் தைத்திருக்கிறேன். முதலில் பகலில் கொஞ்ச நேரம் போர்த்திப் பழக்கு. கழுத்துக்குக் கீழேதான், முகத்தில் ஏறக்கூடாது. அவளே உதறித் தள்ள முடிகிறதா என்று பார். வியர்த்தால் எடுத்துவிடு.

மணியை நிறுத்துவிட்டுச் சும்மா என் கையையும் தராசில் கிடத்திப் பார்த்தேன். ரெண்டு கிலோ முந்நூறு. போர்வையும் அதே. முதலாளி பார்த்துவிட்டு, கையை எடைக்குப் போடுறியே, வாங்க ஆள் இருக்கா என்றார். ஏழு வருஷமாக ஒருத்தி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள் என்றேன்.

வாலுவின் அப்பா


மார்ச் 21

வாலுவின் அப்பாவுக்கு,

கேட்டுவிட்டது. ஆறு நாளாகப் பத்தே நிமிஷத்தில் தூங்கிவிடுகிறாள். நானும் தூங்குகிறேன். உண்மையாகவே நன்றி.

இனி நீங்கள் சாயங்காலம் வர வேண்டாம். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஐந்து வரை கூட்டிப் போங்கள். உங்களிடம் இருக்கிற சாவியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தபோது உங்களை வாரம் மூணு நாள் வரச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாலுவின் அம்மா


மார்ச் 24

வாலுவின் அம்மாவுக்கு,

சாவியை வாலுவின் பையில் போட்டு அனுப்பினேன், எடுத்திருப்பாய்.

நேற்று பூங்காவில் அவளிடம் போர்வை எப்படி என்று கேட்டேன். "உங்க கை மாதிரியே இருக்குப்பா. ஆனா அது குறட்டை விடாது" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம். அவள் நிறுத்தினபிறகும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இருபது வருஷத்தில் என் தையலுக்கு இவ்வளவு நல்ல பேர் வந்ததில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுக்கு இத்தனை நேர்த்தி.

தைக்கும்போதே எனக்குத் தெரியும். கடைசிக் கட்டத்துக்கு வேண்டுமென்றே ஒற்றைத் தையல்தான் போட்டேன். ஒரு மாசத்தில் விட்டுப்போகும், சொல்லி அனுப்புவாய் என்று. அப்புறம் மணி கொட்டி, பிள்ளை வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆவது என்று தோன்றியது. பிரித்து, மறுபடி இரட்டையாகப் போட்டேன்.

அன்றைக்கு வாசலில் போர்வையை வாங்கிக்கொண்டு, "பிரியாதில்ல?" என்று கேட்டாய். "பத்து வருஷத்துக்குக் கவலையில்லை" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாய்.

பிரிஞ்சா கூப்பிடு என்று சொல்லத்தான் வந்தேன்.

வாலுவின் அப்பா