பையப் போகிற படம்

வெள்ளையடிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று பரண்மேல் இருந்த பெட்டிகளை முந்தாநாள் இறக்கினேன். என் வீடியோ கடையை மூடியபோது கொண்டுவந்து போட்ட வீடியோ கேசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. மூடியைத் திறந்ததும் ஊறுகாய் கெட்டுப்போனதுபோல ஒரு புளித்த வாடை. ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டே வந்தேன். ஒன்றில் மட்டும் கை நின்றது. ‘அம்மாவும் மகளும் - குடும்பப் படம்’ என்று என் கோழிக்கிறுக்கல். உள்ளே இரண்டு சக்கரத்திலும் நாடா ஏறத்தாழச் சரிபாதியாக நின்றது. நீங்கள் நிறுத்திய இடம்.

வாடகைக்கு எடுத்துப்போகும் கேசட்டை முழுக்கப் பின்னால் சுற்றித்தான் திருப்பித் தர வேண்டும் என்று கடையில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். சுற்றாமல் கொண்டுவந்தவர்களை நான் ஏசாத ஏச்சு இல்லை. ஊரே என்னைச் சிடுமூஞ்சி என்றது, அதில் பொய்யும் இல்லை. அந்தச் சட்டத்திலிருந்து தப்பிய ஒரே ஆள் நீங்கள்தான்.

தச்சநல்லூரில் நான் கடை வைத்திருந்தது தொண்ணூறுகளின் நடுவில். மதுரையிலிருந்து மொத்தமாக எடுத்துவரும்போது தமிழ்ப் படங்களோடு இங்கிலீஷ் படங்களும் கலந்து வரும். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும், அதற்குமேல் வராது. அதனால் அட்டையைப் பார்த்து நானே தமிழில் ஒரு பெயர் வைத்து, என்ன வகைப் படம் என்றும் எழுதி ஒட்டிவிடுவேன். துப்பாக்கி இருந்தால் சண்டைப் படம். பல் நீண்டிருந்தால் பேய்ப் படம். இந்த அட்டையில் ஜன்னலோரம் ஒரு தாய், மடியில் ஆறேழு வயதுப் பெண்பிள்ளை. இருவர் முகத்திலும் சிரிப்பில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. குடும்பப் படம் என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தீர்கள். காலை ஷிப்ட் முடிந்து, குடையும் சாப்பாட்டுத் தூக்குமாக முதல்முறை கடைக்கு வந்தபோது கேட்டது நினைவிருக்கிறது.

“அண்ணாச்சி, யாரும் கத்தாத படமா ஒண்ணு குடுங்க. காதுல நாள் பூரா சத்தம்.”

“இதக் கொண்டுபோங்கம்மா. குடும்பப் படம். நிம்மதியாப் பாக்கலாம்.”

நிம்மதியாக என்று நான் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது.

மூன்றாம் நாள் கொண்டுவந்து வைத்தீர்கள். பாதியில் நின்றது. நான் வழக்கம்போல ஏச ஆரம்பித்தேன். நீங்கள் கோபப்படவில்லை.

“அதுக்குமேல பாக்க முடியல அண்ணாச்சி. அங்கனயே நிக்கட்டும், சுத்திராதீய. மறுபடி எடுப்பேன்.”

அப்படி என்னதான் படம் என்று அன்று மத்தியானம் கடையிலேயே போட்டுப் பார்த்தேன். ஒரு பெரிய வீடு. அந்த அம்மா தனியாக இருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள், ஒன்றில் யாரும் சாப்பிடுவதில்லை. குளியல் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் கதவைச் சாத்துகிறாள். மாடியைப் பார்த்து மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பதில் இல்லை. நீங்கள் நிறுத்திய இடம் அதுதான். அதற்குள் எனக்கு நாலு கொட்டாவி வந்துவிட்டது. பேய் வராத, பாட்டு வராத, பையப் போகிற படம். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நிறுத்திவிட்டேன்.

அதன்பிறகு ஐந்தாறு முறை எடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பார்த்து, அதே இடத்தில் நிறுத்திக் கொண்டுவருவீர்கள். இடையில் ஒருநாள், “இதே மாதிரி பையப் போற படம் வேற இருக்கா?” என்று கேட்டீர்கள். உங்களுக்காக மதுரையில் அட்டை அட்டையாகப் புரட்டினேன். ஒரு ருசி உள்ள ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அறிவு அவ்வளவுதான்.

ஒருநாள் உச்சி வெயிலில் உங்கள் வீட்டுக்காரர் வந்தார். அதற்குமுன் நான் அவரைப் பார்த்ததில்லை. உள்ளே வராமல் படியில் நின்றார்.

“அண்ணாச்சி, நீங்க குடும்பப் படம்னு எழுதியிருக்கீயளே, அது என்ன படம்னு தெரியுமா?”

“ஏன், என்ன?”

“பேயே வராத பேய்ப் படம் வே அது. பிள்ளையப் பறிகுடுத்த ஒருத்தி, தன்னாலதான் செத்துச்சுன்னு நெனச்சு நெனச்சே புத்தி பேதலிக்கா. என்னால முழுசா உக்காந்து பாக்க முடியல.” பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்க மவ ஆறு மாசம் முந்தி குறுக்குத்துறைல, ஆத்துல போயிட்டா. ஏழு வயசு. இனிமே அந்தக் கேசட்ட அவளுக்குக் குடுக்காதீய.”

அண்ணாச்சியில் ஆரம்பித்து, நடுவில் கோபத்தில் ‘வே’ என்று ஏறி, மறுபடி இறங்கினார். அவர் போனபிறகு அட்டையில் இருந்த அந்தச் சின்னப்பெண் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன்.

மறுவாரம் நீங்கள் வந்தீர்கள். பொய் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன், எப்படிச் சொல்வது என்று யோசித்து வைக்கவில்லை.

“அத வேற ஆளு எடுத்துட்டுப் போயிட்டாவம்மா.”

நீங்கள் என் தலைக்குமேல் இருந்த அலமாரியைக் காட்டினீர்கள். என் கையெழுத்திலேயே, என் தலைக்கு நேர் மேலே, அம்மாவும் மகளும்.

“அவிய வந்து சொன்னாவளா?”

தலையாட்டினேன். நீங்கள் குடையை மடக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தீர்கள். எக்ஸ்சேஞ்சில் யாருக்கோ லைன் கொடுக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னீர்கள். துணியைத் துவைத்து அலசிவிட்டுப் படியேறியிருக்கிறீர்கள். பின்னால் மகள். பாசிப் படி.

“ஓடியாரட்டுமான்னு கேட்டா. வழுக்கும், பைய வான்னேன். பையத்தான் வந்தா. ஓடி வந்திருந்தா என் கைக்குள்ள இருந்திருப்பா அண்ணாச்சி. நான் மேல ஏறித் திரும்பிப் பாக்கேன், படி சும்மா கெடக்கு.”

எல்லோரும் சொல்வதுபோல நானும், “ஒங்க மேல என்னம்மா தப்பு” என்று வாயெடுத்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

“அதான். ஊருல அத்தன பேரும் தப்பு இல்லங்காவ. என் மாமியார்கூடச் சொல்லுதாவ. அந்தப் படத்துல இவ ஒருத்திதான் என் மேலதான் தப்புன்னு உக்காந்திருக்கா. இவகூட உக்காந்தா எனக்குச் செத்த நேரம் ஆறுதலா இருக்கு. வீட்டுல அவியளுக்குப் புரியல.”

எனக்கும் அன்றைக்குப் புரியவில்லை. இப்போது பாதி புரிகிறது. தப்பில்லை தப்பில்லை என்று சொல்லிச் சொல்லி உங்கள் வாயை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பொத்தியிருந்தோம். பாஷை தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை மட்டும் பொத்தவில்லை.

எழுந்திருக்கும்போது ஒன்று கேட்டீர்கள். “நீங்க முடிவு வரைக்கும் பாத்துச் சொல்லுதீயளா? அவளுக்குக் கடைசில என்ன ஆகுதுன்னு. நல்லபடியா முடிஞ்சா நானும் பாக்கேன். இல்லன்னா...” சரி என்றேன்.

நாலு நாள் கழித்து வந்தீர்கள். நான் ஒரு துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

“பாத்துட்டேம்மா. நல்லாத்தான் முடியுது.”

“என்ன ஆகுது?”

“ஒண்ணும் ஆகல. தூங்கிருதா. ரொம்ப நாள் கழிச்சு நல்லாத் தூங்குதா. விடியுது. அவ்வளவுதான்.”

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். அத்தனை மாதத்தில் உங்கள் பல்லை நான் பார்த்தது அன்றுதான்.

“படத்துக்குப் பேரு வச்ச மாதிரி முடிவும் நீங்களே வச்சிட்டீய.”

நான் படத்தைப் போட்டே பார்க்கவில்லை, சோம்பேறித்தனத்தில் அளந்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். என் லட்சணம் அப்படி, குற்றம் சொல்வதற்கில்லை. நானும் மறுக்காமல் அசடு வழிந்தேன். கேசட்டை நீங்கள் எடுக்கவில்லை. “இதுவே போதும் அண்ணாச்சி. அங்கனயே நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தீர்கள். கொஞ்ச நாளில் உங்களுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் என்று கேள்விப்பட்டேன். பிறகு பார்க்கவில்லை.

பல வருஷம் கழித்து ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் உங்கள் வீட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டு நிறுத்தினார். ஒரு வருஷம் படுக்கையில் கிடந்து நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார். நான் துக்கம் விசாரிக்கத் தெரியாத ஆள். அவரே பேசினார்.

“கடைசில அவளுக்குத் தூக்கமே கெடையாது வே. கண்ண மூடிக்கிட்டு, ‘அண்ணாச்சி படம் முடிஞ்சிட்டு, நான் தூங்குதேன்’ம்பா. சிரிப்பா. நெசத்துல அந்தப் படம் அப்படித்தான் முடியுமா?”

“ஆமா” என்றேன். பஸ் வந்துவிட்டது.

உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தேன். நீங்கள் கேட்டுவிட்டுப் போன மறுநாள் மத்தியானமே ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன். கொட்டாவி வரவில்லை. அந்த அம்மாவை மன்னிக்க யாரும் வரவில்லை. அவள் தூங்கவும் இல்லை. கடைசியில் மறுபடி இரண்டு தட்டு வைத்து, மாடியைப் பார்த்துக் கூப்பிடுகிறாள். இந்தத் தடவை பிள்ளையின் குரல் பதில் சொல்கிறது. மாடியிலிருந்து அல்ல, குளியலறையிலிருந்து. அவள் முகம் மலர்ந்து எழுந்து, சாத்தியிருந்த அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது. படம் முடிந்துவிடுகிறது.

உங்கள் வீட்டிலிருந்து ஆற்றுக்கு நடந்தே போய்விடலாம். எனக்கு அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது. நீங்கள் திரும்பி வரும்வரை பயந்துகொண்டேதான் கடையில் உட்கார்ந்திருந்தேன். நாடாவைப் பின்னால் சுற்றி, அவள் கூப்பிட்டுப் பதில் வராத அந்த இடம் வரும்வரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நீங்கள் விட்ட இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன். அதன்பின் யாருக்கும் அந்தக் கேசட்டைக் கொடுக்கவில்லை.

மற்ற கேசட்டுகள் குப்பைக்குப் போயாயிற்று. இன்று காலை, சுண்ணாம்பு காய்ந்ததும், இது ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, “பைய ஏறுங்க” என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதும் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. பார்த்தேன். ஏணியைப் பிடித்தபடி அவள் நின்றுகொண்டிருந்தாள். பிறகு ஏறி, கேசட்டைப் பரணில் வைத்துவிட்டு இறங்கினேன்.