பத்து லட்சத்து ஒரு கல்

ஜூன் 4
ஒரு குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டி முடித்தேன். மூலையில் ஒரு கல் கோணல். வீட்டுக்காரர் கண்ணில் படவில்லை, தப்பித்தேன்.

மாலை ஆஸ்பத்திரி. என் மனைவி மாத்திரை அட்டையின் பின்னால் ஓர் எண் எழுதிக் கொடுத்தாள்: 1000001. பத்தாவது வரை படித்தவள், கணக்கில் புலி. அதனால் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். நான் நாலாவதோடு நின்றவன்.

"இத்தனை கல்லு இருக்கு. மிச்சமில்லாம சமமா வரிசை போட முடியுமா? ஒரே வரிசையா நீட்டறது செல்லாது. கண்டுபிடிச்சா நான் வீட்டுக்கு வந்துடறேன்."

"இல்லைன்னா?"

"நான் ஜெயிச்சேன். நீங்க அழக் கூடாது."

"போர்வைக்குச் சண்டை போட ஆளில்லைன்னா எனக்கு நிம்மதிதான்டி" என்றேன். நர்ஸே சிரித்துவிட்டார்.

ஜூன் 7
மூன்று வரிசை போட்டால் இரண்டு கல் மிச்சம். ஏழு, இரண்டு. பதினொன்று, இரண்டு. பதின்மூன்றுக்கும் அதே இரண்டு! இரண்டு வரிசையே சரியாக வராதபோது நாலு, ஆறு, எட்டைப் பார்க்கவே வேண்டாம் என்று நானாகக் கண்டுபிடித்தேன். போய்ப் பீற்றிக்கொண்டேன்.

"மிச்சமாகுற அந்த ரெண்டு கல்லு யாருடி?"

"நீங்களும் நானும். நம்மள எவன் வரிசையில சேப்பான்?"

ஜூன் 12
டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை எழுத மாட்டேன்.
நாற்பத்தொன்று போகவில்லை. நாற்பத்துமூன்றும்.

ஜூன் 16
நூறு வரை பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் மிச்சம். நூறு வரிசைக்கு மேல் போகிற அறையை இருபத்தைந்து வருஷத் தொழிலில் நான் கண்டதில்லை. பென்சிலை வைத்துவிட்டேன்.

"நீதான் ஜெயிச்ச, டீச்சர்."

"இன்னும் ஒரே ஒரு வரிசை போட்டுப் பாருங்களேன்."

"கூலி யாரு தருவா?"

சிரித்தாள். இருமல் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூன் 18
போயிட்டா.

ஜூலை 2
அழவில்லை. பந்தயம் பந்தயம்தான்.

ஆகஸ்ட் 9
ஒரு கிடங்கில் வேலை. இவ்வளவு பெரிய தரை நான் போட்டதே இல்லை. கடைசிச் சுவரைத் தொட்டதும் வரிசைகளை எண்ணினேன். நூற்று ஒன்று.

கை கழுவவில்லை. அங்கேயே குந்தி, அட்டைப் பெட்டியின் மேல் வகுத்தேன். நூற்றொரு வரிசை, வரிசைக்கு 9901 கல். மிச்சமே இல்லை.

இன்னும் ஒரே ஒரு வரிசைன்னு கேட்டாளே — தெரிஞ்சுதானே கேட்டா? வீட்டுக்கு வர ஆசைப்பட்டவகிட்ட கூலி கேட்டேனே, பாவி!

நான் ஜெயிச்சா அழக் கூடாதுன்னு நீ சொல்லலையே, டீச்சர்.

மேஸ்திரி வந்து, "என்னய்யா, கண்ணுல தண்ணி?" என்றார். கல் வெட்டிய தூசி என்றேன். அன்று கல் எதையும் வெட்டவில்லை.

ஆகஸ்ட் 10
இன்று முதல் 9901. இந்த முறை நூறோடு நிறுத்த மாட்டேன்.
இரண்டு வரிசை போட்டால் ஒரு கல் மிச்சம்.
மூன்று, ஒன்று.
ஐந்து, ஒன்று.